வெள்ளித் துணியில் ஒரு கொப்புளம்

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் அடி அண்ணாமலையில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். கிரிவலம் வந்தவர்கள் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அவர்கள் தின்று போட்ட தொன்னையும், மிதித்துக் குழைத்த சாம்பார் சாதமும், பாதி உறிஞ்சி எறிந்த மோர்ப் பாக்கெட்டும் ஊர்க்காரர்களுக்கு மிச்சம். வெயில் ஏற ஏற எல்லாம் புளித்து நுரைத்து, ஈ மொய்த்து, ஒரு வாடை கிளம்பும். அந்த வாடை மொட்டை மாடிவரை வந்து முகத்தில் அறைய, மதிவதனி ஒரு விமானத்தின் டேஷ்போர்டை வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கீழே இருந்தது அவளுடைய தையல் கூடம். அம்மா கன்னியம்மாள் மகளிர் குழுக் கடன் வாங்கி ஆரம்பித்தது, அதனால் அம்மா பேரில்தான் பதிவு. கார் உறை, பைக் உறை, டிராக்டர் சீட்டு என்று தைத்துக்கொண்டிருந்தார்கள். மதிவதனி பாலிமர் டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்களுக்கு உள்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, அங்கே இருந்த சூப்பர்வைசரின் வாயும் கையும் பிடிக்காமல் ஊருக்கு வந்து கூடத்தைப் பார்த்துக்கொண்டவள். ஆர்டர் பிடித்து வருவது விஸ்வநாத். கோயில் குருக்கள் வீட்டுப் பையன். அவன் அப்பா சாம்பமூர்த்தி குருக்கள் ஒரு பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்தப் பெயரைத்தான் மகன் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தான்.

இந்த விமான ஆர்டரும் அவன் பிடித்ததுதான். வெளி மாவட்டத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்களை நாளெல்லாம் திறந்தவெளியில் நிறுத்தி வைக்கிறார்கள். முன்கண்ணாடி வழியாக வெயில் இறங்கி டேஷ்போர்டைப் பொசுக்கித் தள்ளுகிறது. நிறுத்தி வைக்கும் நேரத்தில் அதன்மேல் போர்த்தி வைக்கச் சூடு தாங்கும் துணி வேண்டும். எந்தத் துணி என்பதைக் கூடமே சோதித்துக் காட்டி, இதுதான் பொருத்தமானது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சோதனைக்கென்று கழித்துப்போட்ட ஒரு டேஷ்போர்டையும் ஒரு பழைய முன்கண்ணாடியையும் பள்ளியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அந்த டேஷ்போர்டை முதன்முதலில் தொட்டபோது மதிவதனி சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். மேல்தோல் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் இருந்த ஃபோம் உருகிப் பிசுபிசுவென்று வழிந்திருந்தது. அதில் யாரோ ஒருவனின் தலைமுடியும், பூச்சி இறக்கைகளும், பழைய விபூதியும் ஒட்டிக் கிடந்தன. சோப்பு போட்டுக் கழுவியும் அந்தப் பிசுக்கு அன்று முழுவதும் விரலிடுக்கில் இருப்பது போலவே இருந்தது.

என்ன துணி என்று பார்க்க அவள் அதிகம் அலையவில்லை. ரெக்சினும் தார்ப்பாயும் முதல் நாளே கழிந்துவிட்டன. ரெக்சின் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு கீழே இருப்பதை வேகவைத்தது, தார்ப்பாய் சுருங்கி விறைத்தது. மிச்சம் இரண்டு. ஒன்று, காரின் முன்கண்ணாடியில் எல்லோரும் செருகி வைக்கிற காற்றுக் குமிழ் வைத்த பளபளப்பான பபிள் ஷீட். மற்றது, கண்ணாடி நூலில் நெய்து மேலே அலுமினியப் படலம் ஒட்டிய வெள்ளித் துணி. உலைக்கு முன்னால் நிற்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற ரகம் அது. அடியில் மெத்தென்று கம்பளித் துணி வைத்துத் தைத்தால் டேஷ்போர்டில் கீறலும் விழாது.

விஸ்வநாத்துக்குப் பபிள் ஷீட் மேல்தான் ஆசை. அவன் மைத்துனன் கிடங்கில் அது விற்காமல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மதிவதனி சண்டை போடவில்லை. அதில் ஒரு துண்டை வெட்டி மாடியில் கண்ணாடிக்கு அடியில் சில வாரம் போட்டு வைத்தாள். எடுக்கும்போது அது துண்டாக வரவில்லை, சளி மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. செத்த ஈக்கள் பதிந்திருந்தன. அழுகின மீனும் மண்ணெண்ணெயும் சேர்ந்தாற்போல் ஒரு நாற்றம். அதைவிடக் கெட்ட சேதி கண்ணாடியின் உட்புறத்தில் இருந்தது. ஷீட்டிலிருந்து கிளம்பிய ஆவி அங்கே படிந்து எண்ணெய்ப் படலமாகியிருந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் எதிரில் மலையே தெரியவில்லை, வெறும் வெள்ளைப் புகைதான்.

அவள் அந்தக் கண்ணாடியை விஸ்வநாத் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். சாயங்கால வெயிலுக்கு எதிரே ஒரு பையனோ பெண்ணோ விமானத்தை இறக்கும்போது கண்ணுக்கு முன்னால் இதுதான் இருக்கும் என்று சொன்னாள். அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒரு நாள் டெஸ்ட்டுல இதெல்லாம் தெரியப்போறதில்லை மதிவதனி. நீங்க ரொம்ப ஜாஸ்தி யோசிக்கிறீங்க" என்றான்.

அவள் அந்தத் துண்டை விரல் நுனியால் தூக்கிக் குப்பையில் போட்டாள். அருவருப்பு அதன் நாற்றத்தினால் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

பள்ளியின் பராமரிப்பு மேலாளர் வருகிற நாள் பௌர்ணமிக்கு மறுநாளாக அமைந்துபோனது. காலையிலேயே டேஷ்போர்டின் ஒரு பாதியில் வெள்ளித் துணியையும் மறுபாதியில் புதுப் பபிள் ஷீட்டையும் போர்த்தி, இரண்டுக்கும் அடியில் வெப்பமானிக் கம்பியைச் செருகி, மேலே அதே முன்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. பபிள் ஷீட்டுக்கு அடியில் சூடு ஏறிக்கொண்டே போக, வெள்ளித் துணிக்கு அடியில் கை வைத்தால் நிழலில் கிடக்கும் தரை மாதிரி இருந்தது. அவள் மனசு நிறைந்து, அறுந்த மெஷின் பெல்ட்டை மாட்டக் கீழே இறங்கினாள். பெல்ட் லேசில் மாட்டிக்கொள்ளவில்லை.

உச்சி வேளைக்கு மேலாளர் வந்தார். கர்ச்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டே காரிலிருந்து இறங்கினார். விஸ்வநாத் முன்னாலேயே மாடிக்குப் போய் நின்றிருந்தான். மதிவதனி கையில் கிரீஸோடு ஏறிப் போய்ப் பார்த்தபோது, மேலாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வெள்ளித் துணியின் நடுவில் குனிந்திருந்தார்.

அங்கே ஒரு கொப்புளம். காலையில் வழவழவென்று இருந்த இடத்தில் படலம் உப்பி, வெடித்து, ஓரம் சுருண்டு, உள்ளே பசை பழுப்பாகக் கசிந்திருந்தது. சீழ் கட்டின புண்ணைப் பார்ப்பது போல மேலாளர் முகத்தைச் சுளித்தார். பக்கத்தில் பபிள் ஷீட் புது மாப்பிள்ளை போலப் பளபளத்துக்கொண்டிருந்தது.

மதிவதனி வெப்பமானியைக் காட்டினாள். எந்தப் பக்கம் எவ்வளவு சூடு என்று அதிலேயே இருக்கிறது, பாருங்கள் என்றாள். அவர் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை, கண்ணாடியை வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்ட விடவும் இல்லை. கொப்புளம் போடுகிற துணியை விமானத்துக்குள் வைத்து நாளைக்கு யாருக்குப் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, பபிள் ஷீட்டுக்கே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி இறங்கிப் போனார். விஸ்வநாத் கார்க் கதவைத் திறந்துவிட்டான். உட்காரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிற்பை மேலேயிருந்து பார்க்கவே அவளுக்குக் கூசியது.

துணி அப்படிக் கொப்புளிக்க நியாயமே இல்லை. அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். சுருண்ட ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்பு. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். நெய் வாசனை. பழைய நெய், கருகின நெய். திருவண்ணாமலையில் பிறந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகைக்கு மலைமேல் எரிந்த தீபத்தின் கொப்பரையிலிருந்து வழித்தெடுத்து, மார்கழியில் பிரசாதமாகக் கொடுக்கிற தீப மை.

அம்மா கீழே கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போனாயா என்று மகள் கேட்டதும் சிரித்த முகமாகவே ஆமாம் என்றாள். பெரிய ஆபீசர் வருகிறார், அத்தனை கண்ணும் அந்தத் துணிமேல் விழும், திருஷ்டி படக்கூடாது என்று மதிவதனி பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது ஏறிப் போய், கண்ணாடியை லேசாகத் தூக்கி நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தாளாம். மகள் தைத்ததில் மட்டும் வைத்தாள். அந்த இன்னொரு ஷீட் எப்படிப் போனால் அவளுக்கு என்ன. இந்த ஊரில் புது வண்டி வாங்கினாலும், கடை திறந்தாலும், பிள்ளை பிறந்தாலும் வைக்கிற பொட்டுதான் அது. மையைப் பொட்டலம் கட்டி வருஷா வருஷம் கொண்டுவந்து கொடுப்பது விஸ்வநாத். சாமி வீட்டுப் பிள்ளை கையால் வருகிற மை என்று அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றுவாள்.

வெயிலைத் திருப்பி அனுப்புகிற துணியில் கறுப்பாக ஒரு பொட்டு இருந்தால், சூடு முழுவதையும் அது ஒன்றே இழுத்துக்கொள்ளும். நெய் உருகி, படலத்துக்கு அடியில் புகுந்து, பசையை இளக்கிவிடும். மதிவதனி இதைக் கோபப்படாமல்தான் சொன்னாள். ஆனாலும் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என் கையாலயா உன் வேலையக் கெடுத்தேன்?" என்று கேட்டாள். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். சமையலும் பாதியில் நின்றது.

மதிவதனிக்கு இடித்தது வேறு. ஓரத்தில் மயிரிழை கறுப்பு இருக்கிறது என்றால், நடுவில் இருந்த பொட்டு எங்கே போயிற்று? மேலாளர் வந்தபோது அங்கே பொட்டே இல்லை.

விஸ்வநாத்திடம் கேட்டாள். அவன் மறைக்கவும் இல்லை. ஆபீசருக்கு முன்னால் மாடிக்குப் போனேன், பொட்டு பொங்கிக்கொண்டிருந்தது, கர்ச்சீப்பால் துடைத்துவிட்டேன் என்று, காபி டம்ளரைக் கழுவி வைத்ததைச் சொல்வது போலச் சொன்னான். அப்படியானால் காரணம் பொட்டுதான், துணி இல்லை என்று ஆபீசரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"தீப மையால கெட்டுப்போச்சுன்னு என் வாயால சொல்லணுமா? அபசாரம் இல்லையா? நல்லதுக்குத்தான் அண்ணாமலையார் காட்டிக்குடுத்திருக்கார், எந்தத் துணி வேணும்னு."

அவன் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து புருவத்துக்கு வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நிற்க மதிவதனிக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது. துப்ப வேண்டும் போல இருந்தது. சாமியையே கிடங்குச் சரக்கு தள்ளக் கூட்டு சேர்த்துக்கொள்கிறவனிடம் என்ன பேசுவது? பபிள் ஷீட்டை விரல் நுனியால் தூக்கிக் குப்பையில் போட்டது போல, அவனையும் எங்கேயாவது கொண்டுபோய்ப் போட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அவள் மேலாளருக்கே போன் செய்தாள். மை, பொட்டு, துடைத்தது, கண்ணாடியில் படிகிற எண்ணெய், எதிர்வெயிலில் கண் தெரியாமல் போகிற ஆபத்து, எல்லாவற்றையும் சொன்னாள். இன்னொரு நாள் வாருங்கள், திரும்பச் செய்து காட்டுகிறேன் என்றாள். மறுமுனையில் அவர் எதையோ மென்றுகொண்டே கேட்டார்.

"அந்தக் கொப்புளம் வந்தது நல்லதாப் போச்சும்மா" என்றார். "இல்லன்னா ஏன் இந்த ஷீட்டுனு நான் காரணம் தேடி எழுதணும். விஸ்வநாத்தோட போன மாசமே பேசி முடிச்சாச்சு. நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, போதும்."

போனை வைத்த பிறகும் அந்த மெல்லும் சத்தம் காதிலேயே இருந்தது. அக்னி வெயிலில் அவள் மாடியில் காய்ந்தது, கம்பி செருகியது, நாற்றம் பிடித்தது எல்லாம் இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு வேடிக்கை. முடிவு கட்டிவிட்டுச் சோதனை பார்க்க வந்திருக்கிறார்கள். அம்மாவின் பொட்டுகூட அவர்களுக்கு உபகாரமாகத்தான் முடிந்திருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் சாப்பிடப் பிடிக்கவில்லை. தட்டை அப்படியே மூடி வைத்தாள். அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று விஸ்வநாத்துக்கு முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவ்வளவு சுளுவாகப் போனதே நல்லதற்கில்லை என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஜிப்பும் நூல்கண்டும் வாங்கக் கீழ்பென்னாத்தூர் போய்விட்டு மத்தியானம் திரும்பினாள். அம்மா தலைக்குக் குளித்து, ஈரத்தலையை முடிந்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். கொப்புளத்தைப் பார்த்த நாளிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்திருந்தது.

"நான் கெடுத்தத நானே சரி பண்ணிட்டேன் மதி" என்றாள்.

விஸ்வநாத் சாமி வந்தாராம். பொட்டு வைத்துக் காரியம் கெட்டதில் ஒரு தோஷம் நின்றுவிட்டது, வைத்த கையாலேயே அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் கழியும், மகளுக்கும் இனிமேல் ஒரு தடையும் வராது என்றாராம். கூடம் அம்மா பேரில் இருப்பதால் அம்மா போட்டாலே செல்லும் என்றும் சொன்னாராம். அம்மா குளித்துவிட்டு வந்து, மலையைப் பார்த்து உட்கார்ந்து காலையிலேயே போட்டுக் கொடுக்க, அவன் அதைக் கையோடு பள்ளிக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கையெழுத்துப் போடத் தெரியும். குழுக் கடன் வாங்கின வருஷம், பேங்க்கில் கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டிய பெண்ணைப் பார்த்து அவமானப்பட்டு வந்து, சிலேட்டில் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டது. க, ன், னி என்று ஒவ்வோர் எழுத்தாக நாக்கைக் கடித்துக்கொண்டு போடுவாள். போட்டு முடித்து ஒரு தடவை தூரத்தில் வைத்துப் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில்கூட எழுதிப் பார்த்து வைத்திருப்பாள். அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அது. அதைத்தான் அந்த அழுக்குப் பயல் வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

மதிவதனி ஜிப் பையைக் கீழே போட்டாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள். சொன்னால் அம்மா திரும்பவும் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் விஸ்வநாத்தைப் போலத் தானும் உண்மையைத் துடைத்துவிட்டு நிற்கிற ஆள்தான். தன் வாயிலும் அந்தப் பிசுக்கு ஒட்டிக்கொண்டதைப் போல இருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மேலாளரும் விஸ்வநாத்தும் முன்பே பேசி முடித்ததை, பொட்டைத் துடைத்ததை, தோஷம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை. கடைசியாக அந்தக் கண்ணாடியை எடுத்துவந்து வெயிலுக்கு எதிரே பிடித்தாள்.

அம்மா வெகுநேரம் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டுற புள்ளைங்களுக்கு இப்படித்தான் தெரியுமா?"

"ஆமாம்மா."

"நீ வேணாம்னு போன் பண்ணா அந்த ஆபீசர் நிறுத்த மாட்டாரா?"

ஏற்கெனவே சொல்லியாயிற்று, காதில் போட்டுக்கொள்ளவில்லை, இப்போது கூடத்துக்காரியின் கையெழுத்தே வந்துவிட்டதால் என் பேச்சு எடுபடாது என்றாள் மதிவதனி. அம்மா கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். போன் போட்டுக் கொடு என்றாள்.

மேலாளர் எடுத்ததும் அவள் வணக்கம் சொல்லி, கூடம் தன் பேரில்தான் இருக்கிறது என்று சொன்னாள். பிறகு குரல் நடுங்காமல் பேசினாள்.

"அந்தக் காயிதத்துல கீற கையெழுத்து என்னுது இல்லைங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான் வெப்பேன். எவன் போட்டுக் கொண்டாந்து குடுத்தான்னு நீங்கதான் அவனைக் கேட்டுச் சொல்லணும்."

மறுமுனையில் மெல்லும் சத்தம் நின்றது. மேலாளர் அம்மா என்றார், ஐயோ என்றார், இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். போலிக் கையெழுத்து தன் கோப்புக்குள் வந்து உட்கார்ந்தால் முதலில் யார் தலை உருளும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிக்கையை இப்போதே கிழித்துவிடுகிறேன், விஸ்வநாத் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது, ஷீட்டும் வேண்டாம், உங்கள் மகளை வேறொரு நாள் புதிதாகச் சோதனை வைக்கச் சொல்லுங்கள், நான் பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னார். பிள்ளைகள் கண்ணுக்கு ஆபத்து என்றபோது மென்றுகொண்டிருந்த வாய்தான் அது. மதிவதனிக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. இந்த ஆளிடம் உண்மை செல்லுபடியாக என் அம்மா பொய் சொல்ல வேண்டியிருந்ததே என்று உடம்பெல்லாம் அருவருத்தது.

அம்மா போனை மகளிடம் நீட்டினாள். புதுச்சேலையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள்.

"இனிமே பேங்க்குலயும் கைநாட்டுதான் வெக்கணும், இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றாள் மதிவதனி.